தறியில் பிறந்த யந்திரம்: அதன் சரித்திரத்தை யார் படிப்பது?

(சங்கரன்கோவிலில் விசைத்தறி, பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தறியை நிறுத்திவிட்டு நேராக இங்கே வந்தவர்கள் இருக்கிறீர்கள். பகல் முழுவதும் குனிந்து களை எடுத்துவிட்டு, அடுப்பைக்கூடப் பற்ற வைக்காமல் வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களையும் பார்க்கிறேன். ஆகையால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு விசைத்தறித் தோழர் என்னைத் தனியே அழைத்தார். அவருடைய மகள் கம்ப்யூட்டர் பாடத்தில் பட்டம் வாங்கியிருக்கிறாள். அந்த வீட்டிலே முதல் பட்டதாரி. இப்போது அந்தப் பெண் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து கம்ப்யூட்டரின் சரித்திரத்தை ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்கிறாளாம். "அண்ணாச்சி, கம்ப்யூட்டர் படிச்சவ சென்னைக்கோ பெங்களூருக்கோ போனா நாலு காசு பார்ப்பா. அதோட சரித்திரத்தைப் படிச்சு என்ன ஆகப் போகுது? அது சோறு போடுமா? நீங்களாவது அவளுக்குப் புத்தி சொல்லுங்க" என்றார்.

நியாயமான கேள்விதான். கடன் வாங்கிப் படிக்க வைத்த தகப்பன் கேட்கிற கேள்வி. அதற்குக் கடைசியில் பதில் சொல்கிறேன். முதலில் அந்தச் சரித்திரம் என்ன என்று பார்ப்போம்.

ஓட்டை போட்ட அட்டை

ஜக்கார்டுப் பெட்டி ஏற்றிய தறியைத் தெரிந்த தோழர்கள் இங்கே உண்டு. தறிக்கு மேலே ஓட்டை போட்ட அட்டைகள் மாலைபோல் கோத்துத் தொங்கும். ஓட்டை உள்ள இடத்தில் ஊசி உள்ளே நுழையும். அதற்குரிய கொக்கி பாவு நூலைத் தூக்கும். ஓட்டை இல்லாத இடத்தில் ஊசி தள்ளப்படும். நூல் கீழேயே கிடக்கும். அட்டையை மாற்றினால் பூ மாறும். தறியை மாற்ற வேண்டியதில்லை.

தனக்கு முன் பலர் செய்த முயற்சிகளை ஒன்று சேர்த்து, பிரான்ஸ் தேசத்து லியோன் நகரில் ஜோசப் மாரி ஜக்கார்டு 1804-ஆம் ஆண்டையொட்டி இதைச் செய்து காட்டினார். அதற்கு முன்னால் தறியின் பக்கத்தில் ஒரு பையன் நின்று, கயிறுகளை இழுத்து இழுத்து நூலைத் தூக்கிக் கொடுக்க வேண்டும். அந்தப் பையனின் வேலையை அட்டை எடுத்துக்கொண்டது.

1839-இல் ஜக்கார்டின் உருவப் படத்தையே பட்டில் நெய்தார்கள். அதற்குச் சுமார் 24,000 அட்டைகள் தேவைப்பட்டன. அந்தப் படம் ஒன்றை இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் என்ற கணித அறிஞர் வாங்கி வைத்திருந்தார். அவர் 1830-களில் ஒரு பெரிய கணக்கு யந்திரத்துக்குத் திட்டம் போட்டார். எந்தக் கணக்கைச் செய்ய வேண்டும் என்று யந்திரத்துக்கு எப்படிக் கட்டளை கொடுப்பது? ஜக்கார்டு தறியின் அட்டையைத்தான் எடுத்துக்கொண்டார். அந்த யந்திரத்தைப் பற்றி 1843-இல் விரிவாக எழுதிய அடா லவ்லேஸ் என்ற பெண்மணியும் தறியை உதாரணம் காட்டித்தான் அதை விளக்கினார். யந்திரம் அவர் காலத்தில் கட்டி முடிக்கப்படவில்லை. ஆனால் கருத்து நிலைத்தது. ஓட்டை உண்டு, ஓட்டை இல்லை, ஆம், இல்லை. இன்று உங்கள் பையில் இருக்கும் செல்போன் வரைக்கும் அடிப்படை இந்த இரண்டு சொல்தான்.

ஆகவே, தோழர்களே, கம்ப்யூட்டர் நமக்குச் சம்பந்தமில்லாத, படித்தவர் வீட்டுப் பொருள் என்று எண்ணாதீர்கள். அதன் முன்னோர்களில் ஒன்று நெசவாளியின் தறி.

பாடப் புத்தகம் சொல்லாதது

கல்லூரிப் பாடப் புத்தகங்கள் பலவற்றில் கம்ப்யூட்டரின் சரித்திரம் இரண்டு மூன்று பக்கம்தான். முதல் தலைமுறை வால்வு, இரண்டாம் தலைமுறை டிரான்சிஸ்டர், மூன்றாம் தலைமுறை சில்லு என்று ஓர் அட்டவணை. பரீட்சைக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடலாம். அதில் சாமான்கள் இருக்கின்றன, மனிதர்கள் இல்லை.

அதே லியோன் நகரத்து நெசவாளர்கள் 1831-இல் கிளர்ந்தெழுந்தார்கள். எதற்காக? நெய்த துணிக்குக் குறைந்தபட்சக் கூலி விகிதம் பேசி முடிவாயிற்று. வியாபாரிகளில் ஒரு பகுதியினர் அதைக் கொடுக்க மறுத்தார்கள். அதற்காக. பட்டாளம் வந்து அடக்கியது. 1834-இல் மறுபடியும் எழுந்தார்கள். மறுபடியும் அடக்குமுறை. அட்டையின் கதையைச் சொல்லும் புத்தகம், அந்த அட்டைத் தறியில் நெய்தவனின் கூலிக் கதையையும் சொல்ல வேண்டாமா?

பாபேஜ் யந்திரத்தைப் பற்றி மட்டும் சிந்தித்தவர் அல்ல. ஆலைகளைச் சுற்றிப் பார்த்து 1832-இல் ஒரு புத்தகம் எழுதினார். அதன் சாரம் இது: ஒரு வேலையைச் சிறு சிறு துண்டாக்கு, கைத்திறன் வேண்டிய துண்டுக்கு மட்டும் கூடுதல் கூலி கொடு, மற்றத் துண்டுகளுக்குக் குறைந்த கூலி போதும். உடல் உழைப்பை மட்டுமல்ல, மூளை உழைப்பையும் இப்படிக் கூறு போடலாம் என்றார். பிரான்ஸில் பெரிய கணக்கு அட்டவணைகள் தயாரித்தபோது, கடைசி வரிசை ஆட்களுக்குக் கூட்டலும் கழித்தலும் தெரிந்தால் போதும் என்று வைத்துக்கொண்டதை உதாரணம் காட்டினார். முதலாளித்துவ உற்பத்தியை ஆராய்ந்த மார்க்ஸ் தமது 'மூலதனம்' நூலில் இந்தப் பாபேஜை எடுத்துக் காட்டியிருக்கிறார். ஆலையில் பீஸ் கணக்கில் கூலி வாங்குகிற தோழனுக்கு இதைப் பேராசிரியர் வந்து விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு விஷயம். 'கம்ப்யூட்டர்' என்ற சொல் முதலில் யந்திரத்துக்குப் பெயர் அல்ல. கணக்குப் போட்டுக் கொடுக்கும் வேலையாளுக்குப் பெயர். அந்த வேலையில் பெண்கள் ஏராளம். 1946-இல் அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் 'எனியாக்' என்ற மாபெரும் மின்னணு யந்திரத்தை உலகுக்குக் காட்டியது. ஒரு கணக்கைச் செய்ய அதன் கம்பிகளை எப்படி இணைப்பது என்று வகுத்துக் கொடுத்தவர்கள் ஆறு பெண்கள். வெற்றி விருந்து நடந்தது. அந்தப் பெண்களுக்கு அழைப்பு இல்லை!

சுமார் நாற்பது ஆண்டுகள் அவர்கள் பெயரே வெளியில் தெரியவில்லை. 1980-களில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த காத்தி கிளைமன் என்ற மாணவி பழைய போட்டோக்களைப் பார்த்தாள். யந்திரத்தின் முன் நிற்கும் பெண்கள் யார் என்று விசாரித்தாள். யந்திரம் அழகாய்த் தெரிய நிறுத்தி வைத்த விளம்பரப் பெண்கள் என்று பதில் கிடைத்தது. அவள் நம்பவில்லை. தேடினாள். உயிரோடு இருந்தவர்களைக் கண்டு பேசினாள். உண்மை வெளியே வந்தது.

ஒரு மாணவி சரித்திரம் படித்ததால் நடந்தது இது. என்ன பிரயோஜனம் என்று கேட்டவருக்கு இது ஒரு பதில்.

நம் நாட்டுக் கதை

நம் நாட்டிலும் இந்தச் சரித்திரம் உண்டு. 1950-களில் கல்கத்தாவில் மகலனோபிஸின் புள்ளியியல் கழகம் இங்கிலாந்திலிருந்தும், பிறகு சோவியத் யூனியனிலிருந்தும் கம்ப்யூட்டர்களை வரவழைத்தது. அதே காலத்தில் பம்பாயில் டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தில் ஒரு சிறு குழு நாமே ஒன்று செய்வோம் என்று துணிந்தது. அதை முன்னின்று நடத்திய ஆர்.நரசிம்மன் சென்னையில் பிறந்து கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். 1956-இல் சிறிய மாதிரி ஓடியது. 1960-இல் சுமார் 2,700 வால்வுகள் கொண்ட பெரிய யந்திரம் வேலைக்கு வந்தது. 'டிப்ராக்' என்று அதற்குப் பெயர். 1963-இல் கான்பூர் ஐ.ஐ.டி.க்குக் கம்ப்யூட்டர் வந்தது. அங்கே அந்தப் பாடத்தை வளர்த்தவர்களில் முக்கியமானவர் ஈரோட்டில் பிறந்த வி.ராஜாராமன். பிற்காலத்தில், 2012-இல், இந்தியாவில் கம்ப்யூட்டர் வளர்ந்த வரலாற்றையும் அவர் எழுதினார்.

இவர்களெல்லாம் பெருமைக்குரியவர்கள். ஆனால் அந்த ஆயிரக்கணக்கான வால்வுகளைப் பொருத்தி, கம்பிகளைப் பற்ற வைத்த கைகள் யாருடையவை? அந்தப் பெயர்களை எந்தப் பாடப் புத்தகத்தில் தேடுவது?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1960-களில் இன்சூரன்ஸ் கார்ப்பரேஷன் பெரிய கம்ப்யூட்டர்களைக் கொண்டுவர முனைந்தது. ஆயிரக்கணக்கான குமாஸ்தாக்களின் வேலை என்னாகும் என்று ஊழியர்கள் கேட்டார்கள். கல்கத்தாவில் இலாக்கோ கட்டிடத்தில் யந்திரம் நுழையக் கூடாதென்று இரவும் பகலும் முறை வைத்துக் காவல் நின்றார்கள். மத்திய சர்க்கார் 1969-இல் தண்டேகர் தலைமையில் ஒரு கமிட்டி போட வேண்டி வந்தது. பாங்கு ஊழியர்களும் போராடினார்கள். எங்கே, எவ்வளவு யந்திரம் வைப்பது என்பதை நிர்வாகம் சங்கத்தோடு பேசி 1983-இல் ஒப்பந்தம் போட்டது.

இந்தக் கதையை இரண்டு விதமாகச் சொல்லலாம். "சங்கக்காரர்கள் விஞ்ஞானத்துக்கு விரோதிகள்" என்று ஒரே வரியில் முடிப்பது ஒரு விதம். அது உண்மையல்ல. சங்கங்கள் அஞ்சியது அத்தனையும் அப்படியே நடந்தது என்று சொல்வது இன்னொரு விதம். அதுவும் உண்மையல்ல, கம்ப்யூட்டரால் லட்சக்கணக்கான புது வேலைகளும் வந்தன. நமக்கு நாமே பொய் சொல்லிக்கொள்ளக் கூடாது, தோழர்களே. அன்று ஊழியர்கள் எழுப்பிய அடிப்படைக் கேள்வி வேறு: யந்திரம் வருவதை யார் தீர்மானிப்பது? அதனால் மிச்சமாகும் உழைப்பின் பலன் யாருக்கு? யந்திரத்தைத் தடுப்பது மட்டுமே வழியல்ல, பேச்சு மேஜையில் நமக்கும் ஒரு நாற்காலி வேண்டும் என்பதை 1983 ஒப்பந்தம் காட்டியது. பழைய காகிதங்களை உட்கார்ந்து படித்தால்தான் இந்த நியாயம் விளங்கும்.

கிராமத்துக்கும் வந்துவிட்டது

விவசாயத் தொழிலாளர்கள், "இது தறிக்காரர் கதை, பாங்குக்காரர் கதை" என்று எண்ண வேண்டாம். 1890-இல் அமெரிக்க சர்க்கார் ஜனத்தொகைக் கணக்கெடுப்பை ஓட்டை போட்ட அட்டைகளைக் கொண்டு, ஹோலரித் என்பவர் செய்த யந்திரத்தால் எண்ணியது. பூவை நெய்த அட்டை அன்றைக்கு ஆளை எண்ண வந்தது. நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி முதல் செல்போனில் போட்டோ பிடித்துத்தான் வருகை போட வேண்டும் என்று கட்டாயமாக்கினார்களே, அதுவும் இந்த வழியில் வந்ததுதான். மண் வெட்டி முடித்த பிறகும், சிக்னல் இல்லாவிட்டால் இன்றைய கூலி என்னாகுமோ என்று தவித்த தாய்மார்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். மேஸ்திரி தவறினால் முகத்தைப் பார்த்துச் சண்டை போடலாம். யந்திரம் தவறினால் யாரிடம் போவது? அதற்குப் பின்னால் இருந்து கட்டளை எழுதியவர் யார்? இதைத் தெரிந்து கேட்க, நம் வீட்டிலிருந்து ஆள் படித்திருக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

இப்போது அந்தத் தோழருக்குப் பதில் சொல்கிறேன். இந்தப் படிப்பு உடனே கைநிறையச் சம்பளம் கொடுக்கும் என்று நான் வாக்களிக்க மாட்டேன்; அது ஏமாற்றுவதாகும். உதவித்தொகை இல்லாமல் ஏழை வீட்டுப் பெண் நாலைந்து வருஷம் ஆராய்ச்சி செய்ய முடியாது என்பதும் உண்மை. ஆகவே அவள் ஆசையை அடக்குங்கள் என்று சொல்லவில்லை. உதவித்தொகையைக் கேளுங்கள் என்கிறேன். 1990-இல் தொடங்கிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் நாம் பஸ் ஏறிப் போகும் தூரத்தில் நெல்லையில் இருக்கிறது. கம்ப்யூட்டர் துறையும் சரித்திரத் துறையும் ஒன்றாக உட்கார்ந்து இந்தப் பாடத்தை நடத்த வேண்டும் என்று எல்லாப் பல்கலைக்கழகங்களையும் நாம் கேட்க வேண்டும்.

மற்றொரு காரியம் நம் கையிலேயே இருக்கிறது. அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் பாபேஜ் பெயரால் ஒரு காப்பகம் இருக்கிறது. கம்ப்யூட்டர் சம்பந்தமான பழைய கடிதம், குறிப்பு, பேட்டி எல்லாவற்றையும் அங்கே சேர்த்து வைக்கிறார்கள். நம் சங்கங்களில் என்ன செய்கிறோம்? கூலி ஒப்பந்தங்கள், நோட்டீஸ்கள், வேலைநிறுத்தக் கணக்கு நோட்டுகள் எல்லாம் கரையான் தின்கிறது. மிச்சம் பழைய பேப்பர் கடைக்குப் போகிறது. கைத்தறி போய் விசைத்தறி வந்த நாளில் எத்தனை பேர் வேலை இழந்தார்கள், கூலி எப்படி மாறியது என்று எழுதத் துணிகிற பிள்ளைக்கு அவைதான் சாட்சி. இனி ஒரு காகிதத்தையும் எடைக்குப் போடாதீர்கள். ஒரு பெட்டியில் வைத்து, வருஷம் எழுதிப் பூட்டுங்கள்.

தோழரே, உங்கள் மகளுக்கு நான் புத்தி சொல்லப் போவதில்லை. நீங்கள் ஒன்று செய்யுங்கள். இன்று ராத்திரி வீட்டுக்குப் போனதும் அவளைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். நீங்கள் தறியில் ஏறிய முதல் நாளிலிருந்து இன்று வரைக்கும் தறி எப்படி மாறியது, கூலி எப்படி மாறியது, யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று சொல்லுங்கள். அவள் எழுதிக்கொள்ளட்டும். அவள் ஆராய்ச்சியின் முதல் பக்கம் அதுவாக இருக்கட்டும்.