விக்டோரியா காலத்து உள்பாவாடை

டிக்கன்சின் கதையொன்றை மேடையேற்ற முனைவோர், கதாநாயகியின் மேலாடைக்குப் பட்டும் றேந்தையும் தேடுவதிலேயே நாட்களைச் செலவிடுவர். உடையும் தைத்து முடியும். நடிகை அதனை அணிந்து நிற்பாள். ஆயினும் சித்திரங்களிற் கண்ட அந்தக் குவிமாடத் தோற்றம் அங்கே இராது. பாவாடை கால்களைச் சுற்றித் துவண்டு தொங்கும். குறை மேலாடையில் இல்லை. அதனைத் தாங்கவேண்டிய உள்பாவாடை இல்லாமையே காரணம்.

விக்டோரியா மகாராணியார் 1837 முதல் 1901 வரை அரசாண்டார். அக்காலம் முழுவதும் ஒரே வகை உடை வழங்கியதென எண்ணுதல் தவறு. 1840களில் இங்கிலாந்துப் பெண்கள் பல உள்பாவாடைகளை ஒன்றன்மேலொன்றாக அணிந்தனர். குதிரைமயிர் கலந்து நெய்த விறைப்பான துணியும் அவற்றிடையே இருந்தது. குதிரைமயிரைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்தே 'கிரினொலின்' என்னும் பெயர் பிறந்தது. 1856ஆம் ஆண்டளவில் உருக்கு வளையக் கூடு வந்தபின்னரே அந்த அடுக்குகளின் பாரம் குறைந்தது. 1890களிலோ பாவாடை இடுப்பிற் படிந்து, கீழே மட்டும் விரிந்தது. ஆகவே, கதை எந்தப் பத்தாண்டில் நிகழ்கிறதென்பதை முதலில் தெளிந்துகொள்ளல் வேண்டும்.

வீட்டிலே தைப்பதற்கு இலகுவானது, 1840களுக்குரிய மடிப்பு வைத்த உள்பாவாடை. வளைவாக வெட்டவேண்டிய இடமே அதில் இல்லை. 36 அங்குல அகலமுள்ள, சற்றுத் தடித்த வெள்ளைப் பருத்தித் துணி 4 யார் போதும். துணியை முன்னரே நனைத்து உலர்த்துதல் நன்று, புதுத்துணி சுருங்கும். 45 அங்குல நீளமான மூன்று துண்டுகளை வெட்டினால், எஞ்சும் 9 அங்குலத் துணியிலே இடுப்புப் பட்டி அமையும்.

துண்டுகளைப் பக்கவாட்டில் இணைக்கையில், பின்புற இணைப்பின் மேற்பகுதியில் 9 அங்குலம் திறந்திருக்கட்டும். அடியிலே 3 அங்குலம் மடித்துத் தைத்து, அதற்கு மேலே அரை அங்குல உயரமான ஐந்து மடிப்புகளைச் சுற்றிவரத் தைத்தல் வேண்டும். ஒவ்வொரு மடிப்பும் ஓர் அங்குலத் துணியை உண்ணும். முடிவில் ஏறக்குறைய 36 அங்குல நீளம் கிடைக்கும். இம்மடிப்புகள் வெறும் அலங்காரமல்ல. துணியின் அடிப்பாகத்துக்குக் கனமும் விறைப்பும் தருபவை அவையே. மடிப்புக்குள் பருத்திக் கயிற்றைச் செலுத்தினால் விறைப்பு இன்னும் கூடும்.

பொறுமை வேண்டிய இடம் இடுப்புத்தான். ஏறத்தாழ மூன்று யார்ச் சுற்றளவு 26 அங்குல இடுப்புக்குள் அடங்கவேண்டும். கால் அங்குல இடைவெளியில், ஒன்றன்கீழ் ஒன்றாகத் தையல்கள் நேராக அமையும்படி, இரண்டு வரிசை ஓட்டுத் தையலிட்டு, இரு நூல்களையும் ஒருங்கே இழுத்தால் துணி சிறு குழாய்களாகச் சுருங்கிவரும். இதனைக் கையாலே செய்வதே அழகு. பின்னர்ப் பட்டியை இணைத்து நாடா கோத்துவிடலாம்.

அரிசிக் கஞ்சியிலே தோய்த்து உலர்த்தி, அழுத்தித் தேய்த்தபின் பாருங்கள், பாவாடை தானாகவே விரிந்து நிற்கும். ஆயினும் ஒன்று போதாது, இரண்டேனும் வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. பருத்தி அடுக்குகளுக்கிடையே தங்கும் காற்று, தீப்பொறி பட்டால் சுவாலையை விரைவில் வளர்த்துவிடும். அமெரிக்கக் கவிஞர் லோங்பெலோவின் மனைவியார் 1861ஆம் ஆண்டு இவ்வாறே உடையில் தீப்பற்றி இறந்தார். அவரைக் காக்க முயன்ற கவிஞரும் காயமுற்றார். மேடையிலே மெழுகுவர்த்தி வேண்டுமாயின், மின்விளக்கு வைத்த போலி வர்த்தியே வைக்கப்படல் வேண்டும்.

மேலாடையின் அடிக்கரையை உள்பாவாடைகள் முடிந்தபின்னரே மடிக்கவேண்டும். நடிகைக்கு அவற்றையும், மேடைக்குரிய காலணியையும் அணிவித்து, நிலத்திலிருந்து அளவெடுப்பதே முறை. விரிந்த பாவாடை மேலெழும். முன்னரே அளந்து மடித்தால், கதாநாயகியின் கணைக்கால் சபையோருக்குத் தெரியும்.