செவியும் தாய்மொழியும்



நேர்முகத் தேர்வில் ஆங்கில வினா காதில் விழுந்தும் விளங்காது நிற்கும் நம் இளைஞனை 'அறிவு போதாது' என்று ஒதுக்கிவிடுகின்றனர். கள்ளக்குறிச்சிக் காலனியிலிருந்து போனாலும், கல்வராயன் மலை வெள்ளிமலையிலிருந்து போனாலும் இதே கதைதான். குறை அறிவில் அன்று. தாய்மொழி செவியைப் பழக்கிய விதத்தில் உள்ளது.

கனடாவில் வெர்க்கர், டீஸ் என்னும் இருவர் 1984-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தை ஆறேழு மாதத்தில் இந்தியின் த, ட ஒலிகளைப் பிரித்தறிகிறது. ஒரு வயதை நெருங்குகையில் அத்திறனைப் பெரும்பாலும் இழந்துவிடுகிறது. நம் பிள்ளைக்கோ அது விளையாட்டு!

நாம் இடறுமிடம் வேறு. 'பம்பரம்' என்பதில் இரு பகரமும் ஒன்றுபோல் ஒலிப்பதில்லை. ஆயினும் அதனால் பொருள் மாறாமையின் தமிழ்ச்செவி அதனைப் பொருட்படுத்துவதில்லை. ஆங்கிலத்திலோ குண்டூசிக்கும் குப்பைத்தொட்டிக்கும் உரிய சொற்கள் அவ்வொலி ஒன்றாலேயே வேறுபடுகின்றன. நாம் இரண்டையும் 'பின்' என்றே எழுதுகிறோம்.

இதனினும் பெரிய இடையூறு அழுத்தம். ஆங்கிலேயர் ஓரசையை ஓங்கி ஒலித்துப் பிறவற்றை விழுங்கிவிடுவர். ஓங்கிய அசையைக் கொண்டே சொற்களைப் பிரித்துணர்வர். நாம் 'போட்டோகிராபர்' என்று எதிர்பார்த்திருக்க, அவர் 'ஃபடாக்ரஃபர்' என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்!

இலக்கண மனப்பாடத்தால் இது தீராது. நம் மாலை வகுப்புகளில் நாள்தோறும் கால்மணி நேரம் ஆங்கிலச் செய்தியைக் கேட்கச் செய்து, பிறகே அதனை எழுத்தில் காட்டுவோம். கேட்டதும் கண்டதும் எங்கே வேறுபட்டன என்பதைப் பிள்ளைகளே குறித்து வரட்டும். விளங்காதபோது, 'மீண்டும் சொல்லுங்கள் ஐயா' என்று ஆங்கிலத்தில் கூசாது கேட்கவும் அங்கேயே பழக்குவோம்.