கோத்தகிரிக்குப் போறீங்களா? இதைக் கொஞ்சம் கேட்டுட்டுப் போங்க!



போன ஞாயிற்றுக்கிழமை நம்ம அணியின் இணையவழிக் கூட்டத்தில் நான் பேசியதை எழுத்து வடிவில் போடச் சொல்லிப் பல தோழர்கள் கேட்டிருந்தீங்க. இதோ முழுப் பேச்சு. இன்னைக்கு அரசியல் இல்லை, பயப்படாதீங்க!

தோழர்களே, லீவு வந்தாலே நம்ம குரூப்ல ஒரே கேள்விதான். "எங்க போகலாம்?" பதிலும் ஒண்ணுதான், "ஊட்டி". அப்புறம் மூணு மணி நேரம் டிராஃபிக்ல நின்னு, அரை மணி நேரம் போட்டில் உட்கார்ந்து, திரும்பி வந்து ஸ்டேட்டஸ் போடுவோம். நானும் அப்படித்தான் இருந்தேன்.

காலேஜ் முடிச்ச வருஷம் நாங்க நாலு பேர் கோத்தகிரிக்கு வெளியே ஒரு சின்ன விடுதியில் தங்கினோம். சுத்தி தேயிலைத் தோட்டம், கீழே ஒரு படுகர் கிராமம். முதல் நாள் முழுக்க கார்லயே சுத்தினோம். ராத்திரி சமைச்சுப் போட்ட அக்கா கேட்டாங்க, "என்ன தம்பி பார்த்தீங்க?" எங்களுக்குப் பதில் சொல்லத் தெரியலை. போட்டோ மட்டும் எண்ணூறு இருந்துச்சு! "நாளைக்குக் காரை இங்கயே விட்டுட்டுப் போங்க"ன்னு சொன்னாங்க. அந்த இரண்டாம் நாளைப் பற்றித்தான் நான் பேச வந்தேன்.

காலையில் முதலில் லாங்வுட் சோலைக்குப் போனோம். டவுனிலிருந்து 3 கிலோமீட்டர்தான். சுமார் 116 ஹெக்டேர் காடு. வனத்துறையிடம் அனுமதி வாங்கித்தான் உள்ளே போகணும். உள்ளே போனா வெளியே இருந்த வெயில் காணாமப் போயிடும். காலுக்குக் கீழே மண்ணு மெத்தை மாதிரி அமுங்கும். சோலைக்காட்டு மண் மழையை ஸ்பாஞ்ச் மாதிரி உறிஞ்சி வெச்சுக்கிட்டு, மழை நின்ன பிறகும் சொட்டுச் சொட்டா ஓடைக்கு விடுது. சுத்தி இருக்கிற பல கிராமங்களுக்குக் குடிதண்ணீர் இங்கிருந்துதான் வருது. 2024 ஜனவரியில் இந்தச் சோலைக்கு ராம்சார் தளம் என்ற சர்வதேச அங்கீகாரம் கிடைச்சது. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அடுத்தது கன்னேரிமுக்கு, டவுனிலிருந்து சுமார் 2 கிலோமீட்டர். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819ல் மலைக்கு வந்து தங்கிய பங்களா இங்கே இருக்கு. ஊட்டி நகரம் அதுக்கப்புறம்தான் உருவாச்சு. ஆனா ஒண்ணை மறந்துடாதீங்க. சல்லிவன் வந்தப்போ மலை காலியா இல்லை. தோடர், கோத்தர், படுகர், குறும்பர், இருளர் எல்லாரும் அவருக்கு முன்னாடியே இங்க வாழ்ந்துட்டு இருந்தாங்க. கோத்தகிரி என்ற பேரே கோத்தர் மலை என்பதுதான்.

மதியம் அரசுப் பேருந்தில் கோடநாடு காட்சிமுனை. சுமார் 18 கிலோமீட்டர். அங்கே நின்னு கீழே பார்த்தா மோயாறு ஒரு கோடு மாதிரி ஓடுது. அந்தக் கரையில் தெங்குமரஹாடா கிராமம். கோத்தகிரி தாலுகாவைச் சேர்ந்த ஊர்தான், ஆனா அங்க போகணும்னா சமவெளிக்கு இறங்கி, பவானிசாகர் வழியா காட்டுக்குள்ள போய், ஆத்தைக் கடக்கணும். ஆத்துல தண்ணி ஏறினா மருத்துவமனைக்குப் போறதே போராட்டம். நமக்கு அது வியூ பாயிண்ட், அவங்களுக்கு அது அன்றாட வாழ்க்கை.

வானம் தெளிவா இருந்தா பவானிசாகர் அணையும் தெரியும். எங்க கூட வந்த நண்பன் ஈரோடு பக்கம் விவசாயக் குடும்பம். கொஞ்ச நேரம் பேசாம நின்னான். அப்புறம், "டேய், எங்க வாய்க்கால் தண்ணி இங்கிருந்துதான்டா வருது"ன்னான். கீழ்பவானிப் பாசனம் 2 லட்சத்துக்கும் அதிகமான ஏக்கர். அந்த அணைக்கு வர்ற பவானியும் மோயாறும் நீலகிரி மழையை நம்பித்தான் ஓடுது. அந்த மலையில்தான் நேத்து நாங்க சிப்ஸ் கவரை ஜன்னல் வழியா வீசிட்டு வந்தோம். அவனும்தான், நானும்தான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமா இருக்கு. ஆனா சொல்லித்தான் ஆகணும்.

தோழர்களே, மலை என்பது சமவெளிக்காரனுக்குத் தண்ணித் தொட்டி. நம்ம வீட்டுத் தொட்டியில் யாராவது குப்பை போட்டா சும்மா இருப்போமா?

அதனால போகாதீங்கன்னு சொல்ல வரலை. தாராளமா போங்க. ஆனா இதையெல்லாம் மனசுல வெச்சுக்கோங்க.

▪️ சொந்த வண்டியில் போனா இ-பாஸ் கட்டாயம். உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கு. அரசுப் பேருந்தில் போனா அந்தத் தொல்லையே இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி சுமார் 33 கிலோமீட்டர்தான்.

▪️ மலைப்பாதையில் மேலே ஏறி வர்ற வண்டிக்கு முதலில் வழி விடணும். இறங்கும்போது இரண்டாவது கியரில் இறங்குங்க. பிரேக்கையே மிதிச்சுட்டு வந்தா அது சூடேறிப் பிடிக்காமப் போயிடும். இன்ஜினியரிங் படிச்சதுக்கு இந்த ஒரு உபயோகமாவது இருக்கட்டும்!

▪️ தண்ணி பாட்டில் வீட்டிலிருந்தே கொண்டு போங்க. 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் பாட்டிலுக்கு நீலகிரியில் தடை. வழியில் குடிநீர் ஏடிஎம் இருக்கு.

▪️ சாயங்காலம் இருட்டினா தேயிலைத் தோட்டத்துக்குள்ள நடக்காதீங்க. காட்டெருமையும் கரடியும் சர்வசாதாரணம். செல்ஃபி வேண்டவே வேண்டாம்.

▪️ அனுமதி இல்லாத டிரெக்கிங் போகாதீங்க. 2018 மார்ச்சில் தேனி குரங்கணி காட்டுத்தீயில் 20க்கும் மேற்பட்டவர்களை இழந்தோம். அதில் பலர் நம்ம வயசுக்காரங்க.

▪️ கனமழை எச்சரிக்கை வந்தா பயணத்தைத் தள்ளிப் போடுங்க. கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை பலமா பெய்யும். 2009 நவம்பர் நிலச்சரிவில் நீலகிரியில் 40க்கும் மேற்பட்டோர் இறந்தாங்க.

▪️ தங்குற இடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்க. "ரூம்ல இருந்தே யானை பார்க்கலாம்"னு விளம்பரம் பண்ணா, யானை போற வழியில் கட்டிடம் நிக்குதான்னு விசாரிங்க. சீகூர் யானை வழித்தடத்தை உச்ச நீதிமன்றமே 2020ல் உறுதி செய்திருக்கு.

கடைசியா ஒண்ணு. பச்சைத் தேயிலைக்கு நியாய விலை கேட்டு நீலகிரி சிறு விவசாயிகள் 2023ல் போராடினதை நாம பார்த்தோம். நம்மால விலையை ஏத்த முடியாது. ஆனா தேயிலையை அங்கேயே ஒரு உள்ளூர்க் கடையில் வாங்கலாம். உள்ளூர் வீட்டுச் சாப்பாடு சாப்பிடலாம். உள்ளூர் வழிகாட்டிக்குக் கூலி கொடுக்கலாம். அந்த அக்கா வெச்ச அவரைக்கொட்டைக் குழம்பின் ருசி இன்னும் எனக்கு நாக்கில் இருக்கு.

கிளம்பும்போது அவங்க எங்க கையில் ஒரு சாக்குப் பை கொடுத்தாங்க. "கீழ போற வழியில் ரோட்டோரம் எதாவது கிடந்தா எடுத்துட்டுப் போங்க தம்பி." அவ்வளவுதான் சொன்னாங்க. மேட்டுப்பாளையம் வர்றதுக்குள்ள பை நிறைஞ்சிடுச்சு.

அடுத்த தடவை நீங்க போகும்போது உங்க வண்டியிலும் ஒரு சாக்குப் பை இருக்கட்டும் தோழர்களே. நிறைஞ்ச பையோட போட்டோவை இந்தப் பதிவின் கமெண்ட்ல போடுங்க. வியூ பாயிண்ட் போட்டோவைவிட அதுக்கு நான் முதல் லைக் போடுறேன்.



#கோத்தகிரி #நீலகிரி #நம்மமலை_நம்மதண்ணீர்