முப்பது வருசம் குதிரையோட நிண்டவனுக்கு என்ன படிப்பு?

(எமது சங்கத்தின் பொங்கல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



கார்த்திகை மாதச் செயற்குழுக் கூட்டத்துக்கு நான் வரவில்லை. "அவர் குதிரை ஓடப் படிக்கப் போட்டார்" என்று நண்பர் ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்களாம். "முப்பது வருசமாக் குதிரையோட நிக்கிற மனுசனுக்கு இனி என்ன படிப்பு?" என்று கேட்டவர்களும் உண்டு. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இன்று மேடை ஏறினேன்.

நான் நெடுந்தீவான். ஊர் வெளியில் காட்டுக் குதிரைகள் மேய்வதைப் பார்த்து வளர்ந்தவன், ஆனால் ஒன்றிலாவது ஏறியதில்லை. ஜேர்மனிக்கு அகதியாக வந்த பின் கிடைத்த வேலை, குதிரை லாயத்தில் லத்தி அள்ளுவது. அங்கேயே ஏறப் பழகி, சோதனை எடுத்து, "றெயினர் சி" என்ற பயிற்றுநர் பத்திரமும் பெற்றேன். இந்தப் பத்திரம் ஆயுள் முழுக்கச் செல்லாது. நாலு வருடம்தான். புதுப்பிப்பதற்குக் குறைந்தது 15 பாடவேளை மேற்படிப்பு வகுப்பில் இருந்திருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், முந்தியெல்லாம் நான் கையெழுத்துக்காகத்தான் போவேன். கடைசி வாங்கில் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டு வருவேன்.

2018 கோடையில் ஒரு சம்பவம் நடந்தது. எங்கள் லாயத்தில் சாதுவான ஒரு பெட்டைக் குதிரை. கொஞ்ச நாளாக, ஆள் ஏறினால் காதை மடக்கும், வாலை வீசும், முன்னே போகாது. அன்று ஏறியது பத்து வயதுப் பிள்ளை. "கள்ளக் குதிரை, காலால நல்லா அடி" என்று நான்தான் சொன்னேன். மூன்றாவது அடியோடு குதிரை பின்காலைத் தூக்கி எறிந்தது. பிள்ளையின் கை முறிந்தது. தாய் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் ஆறியிருக்கும். அதன்பிறகு அந்தக் குதிரையில் சிறுவர்களை ஏத்தாமல் விட்டோமே தவிர, பெரியவர்கள் ஏறிக்கொண்டுதான் இருந்தார்கள்.

அடுத்த வருட வகுப்பில் ஒரு மிருக வைத்தியர் படம் போட்டுக் காட்டினார். இங்கிலாந்தில் சூ டைசன் என்ற மிருக வைத்தியரும் குழுவினரும் 2018இல் வெளியிட்ட பட்டியல் அது. ஆள் ஏறியிருக்கும்போது குதிரை காட்டும் 24 நடத்தைகள்: காதை ஐந்து விநாடியோ கூடவோ பின்னுக்கு மடக்கி வைத்திருத்தல், வாயைத் திரும்பத் திரும்பத் திறத்தல், கண் வெள்ளை தெரிய முழித்தல், கால் இடறுதல், முன்னே போக மறுத்தல் என்று போகிறது. எட்டோ அதற்கு மேலோ கண்டால், குணம் கெட்டது என்று சொல்ல முதல், உடம்பில் எங்கோ நோ இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். நான் மேசைக்குக் கீழே விரல் மடித்து எண்ணினேன். எங்கள் பெட்டையில் ஒன்பது.

அன்றிரவே லாயத்துக்குப் போனேன். முதுகில், சேணம் அமரும் இடத்தில் மெல்ல அமத்தினேன். துடித்து விலகியது. வைத்தியரும் சேணம் பொருத்துபவரும் வந்து பார்த்தார்கள். தீனி, வயது, வேலை எல்லாவற்றாலும் குதிரையின் முதுகு மாறும். பழைய சேணம் அதற்கு ஒடுக்கமாகிப் போயிருந்தது. அனுபவம், அனுபவம் என்று சொல்லித் திரிந்த நான் ஒரு வருசத்துக்கு மேலாக அதைக் காணவில்லை.

அதே வகுப்பில் ஹான்ஸ் என்ற குதிரையின் கதையும் சொன்னார்கள். 1904இல் பேர்லினே அதைப் பார்க்கத் திரண்டதாம். கேட்ட கணக்குக்குக் குளம்பால் தட்டி விடை சொல்லும். ஒஸ்கார் ஃபுங்ஸ்ற் என்பவர் சோதித்துப் பார்த்தபோது, கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியவில்லை! சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலை தன்னை அறியாமல் ஒரு மயிரளவு அசையும். ஹான்ஸ் அதைப் பார்த்துத்தான் நிறுத்தியது. அந்தளவுக்கு எங்களை வாசிக்கிற பிராணிக்கு நான் "கள்ளக் குதிரை" என்று பெயர் வைத்தேன்.

சட்டங்களும் மாறுகின்றன. 2021இல் இருந்து சர்வதேச ட்ரெசாஜ் போட்டிகளில் உயரத் தொப்பி போய், தலைக்கவசம் கட்டாயம். வகுப்புக்குப் போகாதவன் பழசையே படிப்பித்துக்கொண்டிருப்பான்.

பிறகு அந்தத் தாயின் வீட்டுக்குப் போய், பிழை குதிரையில் இல்லை, என்னில்தான் என்று சொன்னேன். கதவடியில் நிண்டு கேட்டுவிட்டு, உள்ளே கூப்பிட்டுக் கோப்பி தந்தார். பிள்ளை திரும்பக் குதிரை ஏறவில்லை.

கார்த்திகையில் நான் போனது சேணம் பார்க்கிற வகுப்புக்கு. அடுத்தது வைகாசியில், அதுவும் சனிக்கிழமைதான். அன்றைக்கும் கூட்டத்துக்கு வரமாட்டன், செயலாளர் இப்பவே எழுதி வையுங்கோ.