கம்பியில்லா வலையமைப்பில் தரவு செல்லும் வழி



அலைபேசியை இயக்க நாம் எல்லோரும் அறிவோம். அதிலிருந்து புறப்படும் செய்தி எவ்வழியே செல்கிறது என்பதை அறிந்தோர் சிலரே. இவ்வெள்ளி விழாவில் அதனைப் பற்றிச் சில கூற விழைகிறேன்.

ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்கு நேர்சாலை உண்டு. அம்பத்தூரைச் சுற்றியும் செல்லலாம். பருத்திப்பட்டில் நெரிசல் என்றால், சுற்றுவழியே விரைவுவழி ஆகிவிடும். தரவின் பயணமும் அத்தகையதே. கலப்பு வலையமைப்பில் இருவகை வழிகள் உள. ஒன்று, நேரே கோபுரத்தை அடைவது. மற்றொன்று, அண்டைக் கருவிகளின் துணையால் கருவிக்குக் கருவி தாவிச் செல்வது. கூட்டம் மிகுந்தால் கோபுரம் திணறும். தாவல்கள் பெருகினால் வேகம் குன்றும். ஆகவே செய்தியைத் துண்டுகளாக்கி, நெரிசல் குறைந்த அண்டைக் கருவிகளிடம் பகிர்ந்தளித்து, ஓரிரு தாவல்களில் கோபுரங்களை அடையச் செய்யும் முறைகளை ஆய்வாளர் வகுத்தனர்.

தமிழ்நாட்டிலேயே இதற்கு நெருங்கிய சான்று உண்டு. தேனி அரவிந்த் கண் மருத்துவமனையையும் சுற்றுவட்டாரப் பார்வை மையங்களையும் பெர்க்லி பல்கலைக்கழகக் குழுவினர் வை-ஃபை அலைகளால் இணைத்தனர். வை-ஃபை குறுந்தொலைவுக்கென வகுக்கப்பட்டது. ஒவ்வொரு துண்டுக்கும் 'பெற்றேன்' என்ற பதிலை எதிர்நோக்கிச் சிறிது நேரமே காத்திருக்கும்; தொலைவு மிகுந்தால், பதில் வருமுன்னரே மீண்டும் அனுப்பத் தொடங்கிவிடும். எனவே பேசவும் கேட்கவும் முறைவைத்து நேரம் வகுத்தனர். பல துண்டுகளுக்கு ஒரே பதில் போதும் என்றாக்கினர். தம் சோதனைகளில் வேகம் 2 முதல் 5 மடங்கு உயர்ந்ததாக 2007-இல் அறிவித்தனர். சிற்றூர் நோயாளி தம் ஊரருகிலிருந்தே தேனி மருத்துவரோடு காணொளியில் பேச முடிந்தது.

இளைஞர்களே, ஊன்றி நோக்கவேண்டியது இனித்தான் வருகிறது. மொத்த வேகம் ஒன்றே குறிக்கோளாயின், கோபுரத்தின் அருகிலிருப்போருக்கே எல்லா நேரத்தையும் அளிப்பது இலாபம். எல்லையில் வாழ்வோருக்கு ஒன்றும் எஞ்சாது. கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஃபிராங்க் கெல்லி 1997-இல் 'விகிதாசார நேர்மை' என்னும் கோட்பாட்டை முன்வைத்தார். அதன்வழி வந்த முறை கைபேசிக் கோபுரங்களில் பயன்படுகிறது. ஒருவருக்கு இப்பொழுது கிடைக்கக்கூடிய வேகத்தை, அவர் இதுவரை பெற்ற சராசரி வேகத்தால் வகுப்பர். அருகிலிருப்பவருக்கு இப்பொழுது 10, இதுவரை 10 எனக் கொள்வோம், ஈவு 1. எல்லையிலிருப்பவருக்கு இப்பொழுது 2, இதுவரை 1, ஈவு 2. அடுத்த வாய்ப்பு எல்லையிலிருப்பவருக்கே! இதுவரை குறைவாகப் பெற்றவரை முன்னிறுத்துவது சலுகை அன்று. வலையமைப்பு எல்லோருக்கும் பயன்பட வேண்டும் என்பதற்கான கணக்கு. தகுதி பேசி இட ஒதுக்கீட்டைக் குறை கூறுவோர்க்கு இக்கணக்கையே விடையாகக் கூறுங்கள்.

இன்று அம்பத்தூரில் தரவு மையங்கள் இயங்குகின்றன. அங்கே கம்பி இழுப்பதும் காவல் காப்பதும் மட்டுமே நம் பங்காகிவிடலாகாது. யாருக்கு முதல் வாய்ப்பு என்னும் விதியை எழுதுவோர் வரிசையிலும் நம் பிள்ளைகள் அமர வேண்டும். அதற்கு வேண்டிய விகிதமும் நிகழ்தகவும் பள்ளிப் பாடத்திலேயே உள்ளன. கணக்கைக் கண்டு அஞ்சிக் கைவிடாதீர்கள். கழகம் இதற்கென மாலை வகுப்பொன்றைத் தொடங்குமாயின், கற்பிக்க நான் ஆயத்தமாக உள்ளேன்.