மூர்த்தி சிறிய மோட்டார்கள்



மூர்த்தி சிறிதாயினும் கீர்த்தி பெரிது என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. தெய்வத்தின் திருவுருவத்தைக் குறித்து எழுந்த இம்மொழி, மனிதன் கையால் செய்த இயந்திரங்களுக்கும் பொருந்தும் என்பதற்கு மோட்டார் வரலாற்றிலே நல்ல சான்றுகள் உண்டு. பத்தே அடி நீளமுள்ள ஒரு கார், ஆல்ப்ஸ் மலையின் பனியில், தன் எஞ்சினைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு பெரிய எஞ்சின் பூட்டிய வண்டிகளோடு போட்டியிட்டு வென்றது. அத்தகைய சிறு கார்களைப் பற்றியும், முதுமை எய்திய பின்னும் அவற்றை மலைச்சாலைகளில் ஓடவைக்கும் பழங்கார் ராலிகளைப் பற்றியும் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலில், ராலி என்பது யாது என விளங்கிக்கொள்வோம். ஓடுபாதையில் எல்லா வண்டிகளும் ஒருங்கே புறப்பட, முதலில் முடிப்பவர் வெல்வது பந்தயம். ராலி அத்தகையதன்று. பொதுச் சாலைகளில், குறித்த இடைவெளி விட்டு, வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்படும். இன்ன ஊரை இன்ன நேரத்தில் அடையவேண்டும் என்று அட்டவணை இருக்கும். வழியில் சில பகுதிகளை மட்டும் பிற போக்குவரத்துக்கு அடைத்துவிட்டு, அங்கே ஒவ்வொருவரும் எடுத்துக்கொள்ளும் நேரத்தை நொடிக் கணக்கில் அளப்பார்கள். வண்டியில் இருவர் இருப்பர். ஒருவர் ஓட்டுவார், மற்றவர் வரைபடமும் கடிகாரமும் கொண்டு வழியையும் நேரத்தையும் கணிப்பார். இவ்வகைப் போட்டிகளில் புகழ் மிக்கது மான்டே கார்லோ ராலி. அது 1911இல் தொடங்கியது. நடுக் குளிர்காலத்தில், ஐரோப்பாவின் நாலா திசைகளிலிருந்தும் புறப்பட்டு, பனியையும் மலையையும் கடந்து, மத்தியதரைக் கடலோரத்து மொனாக்கோ நாட்டை வந்தடையவேண்டியிருந்தது. பெருஞ் செல்வர்களின் பெரிய கார்களுக்கே உரியது என்று பலரும் கருதியிருந்த அக்களத்தில் சிறு கார்கள் எவ்வாறு புகுந்தன என்பதே நம் கதை.

கதையின் வித்து 1922இல் ஊன்றப்பட்டது. முதல் உலகப் போருக்குப் பின், இங்கிலாந்தில் நடுத்தரக் குடும்பத்தினர் பலர், பக்கப்பெட்டி பூட்டிய மோட்டார் சைக்கிளில் மனைவி மக்களோடு மழையில் நனைந்தவாறு சென்றுகொண்டிருந்தனர். அத்தகையோருக்கும் ஒரு முழுமையான காரை அளிக்கவேண்டும் என்று விரும்பினார் ஹெர்பர்ட் ஆஸ்டின். தம் இல்லத்தில் பில்லியர்ட்ஸ் ஆடும் அறையிலே வரைபலகையை வைத்து, ஸ்டான்லி எட்ஜ் என்ற இளைஞரைக் கொண்டு அதற்கு வடிவம் வரையச் செய்தார். அந்த இளைஞருக்கு அப்போது வயது 18. உங்களில் பலருடைய வயதுதான். அவ்வாறு பிறந்தது ஆஸ்டின் செவன் என்னும் கார். அதன் எஞ்சினின் கொள்ளளவு ஒரு லிட்டரிலும் குறைவு; ஆயினும் நான்கு சிலிண்டர்களும் நான்கு சக்கரத் தடைகளும் அதற்கு இருந்தன. ஜெர்மனியில் உரிமம் பெற்று டிக்சி என்ற பெயரில் அதைச் செய்தனர், அத்தொழிற்சாலையைப் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 1928இல் வாங்கியது. அடுத்த ஆண்டு, 1929இல், ஆல்ப்ஸ் மலைப் போட்டியில் அந்நிறுவனத்தின் சிறு கார்கள் குழுப் பரிசை வென்றன. இன்று ஆற்றல் மிக்க கார்களுக்குப் பெயர்பெற்ற அந்நிறுவனம் கார்ப் போட்டியில் முதற்புகழ் ஈட்டியது, ஆஸ்டின் செவனின் உடன்பிறப்பான அந்தச் சிற்றுருவத்தாலேயே என்பதை நினைவிற் கொள்க.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் ஸ்வீடன் நாட்டில் சாப் என்னும் விமான நிறுவனம் கார் செய்யத் தொடங்கியது. அதன் 96 என்ற மாதிரியில் 841 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் மூன்றே சிலிண்டர்களும் உடைய இருவீச்சு எஞ்சின் இருந்தது. ஆறடிக்கு மேற்பட்ட உயரமும் அதற்கேற்ற உடலும் வாய்ந்த எரிக் கார்ல்சன் என்பவர் அதனுள் எவ்வாறோ தம்மை அடக்கிக்கொண்டு, பிரிட்டனின் ஆர்.ஏ.சி. ராலியை 1960, 1961, 1962 ஆகிய மூன்றாண்டுகளிலும், மான்டே கார்லோ ராலியை 1962, 1963 ஆகிய ஈராண்டுகளிலும் வென்றார். வண்டியைப் பலமுறை உருட்டிக் கவிழ்த்தமையால், சிறுவர் கதையில் வரும் ஒரு பாத்திரத்தை ஒட்டி, 'கூரைமேல் கார்ல்சன்' என்று அவரை வேடிக்கையாக அழைத்தனர். அவர் வண்டியில் மிகுதியான ஆற்றல் இல்லை. ஆகையால், வளைவில் ஒருமுறை வேகத்தை இழந்தால் அதை மீண்டும் பெறுதல் அரிது. அதனால் வலக்காலை முடுக்கியினின்று எடுக்காமலே இடக்காலால் தடையை அழுத்தி வளைவைக் கடக்கும் நுட்பத்தை அவர் கையாண்டார். மிகுதியாகப் பெற்றவன் வீணாக்கலாம். குறைவாகப் பெற்றவன் ஒரு துளியையும் சிந்தமாட்டான். சிறு கார் தன் ஓட்டுநருக்குக் கற்பித்த முதற் பாடம் இது.

இனி, இவ்வரலாற்றின் நாயகனாகிய மினிக்கு வருவோம். 1956இல் சூயஸ் கால்வாய் நெருக்கடியால் ஐரோப்பாவில் பெட்ரோல் தட்டுப்பாடு ஏற்பட்டது. பிரிட்டனில் பங்கீடு வந்தது. குறைந்த எரிபொருளில் ஓடும், ஆயினும் நால்வர் வசதியாக அமரும் கார் ஒன்று வேண்டுமென்ற பொறுப்பு அலெக் இசிகோனிஸ் என்ற பொறியியலாரிடம் வந்தது. அவர் 1906இல், இன்றைய துருக்கியின் இஸ்மீர் நகரில் பிறந்தவர். 10 அடி நீளத்துக்குள் பெரும்பகுதியை மனிதருக்கும் அவர்தம் பெட்டிகளுக்கும் ஒதுக்கவேண்டும். எஞ்சியதிலே இயந்திரம் முழுவதும் அடங்கவேண்டும். அவர் என்ன செய்தார்? நெடுக்காக இருந்துவந்த எஞ்சினைக் குறுக்காகத் திருப்பினார். கியர்ப் பெட்டியை எஞ்சினுக்கு அடியில், அதே எண்ணெயில் மூழ்குமாறு வைத்தார். முன்சக்கரங்களையே இயக்கினார். சக்கரங்களை 10 அங்குல விட்டத்துக்குக் குறைத்து, வண்டியின் நான்கு மூலைகளுக்கும் தள்ளினார். இரும்பு வில்லுக்குப் பதிலாக, அலெக்ஸ் மோல்ட்டன் வகுத்த ரப்பர்க் கூம்புகளைப் பொருத்தினார். 1959ஆம் ஆண்டு ஆகஸ்டு 26ஆம் நாள் அக்கார் உலகுக்கு அறிமுகமாயிற்று.

இவையெல்லாம் இடத்தை மிச்சப்படுத்தச் செய்தவை. போட்டிக்காகச் செய்தவை அல்ல. ஆயினும் விளைவைப் பாருங்கள். எஞ்சினின் எடை இயங்கும் சக்கரங்களின் மேலேயே அமர்ந்தமையால், வழுக்கும் பனியிலும் அவை நிலத்தைப் பற்றின. சக்கரங்கள் மூலைகளில் நின்றமையால், வண்டி வளைவில் சாயாமல் திரும்பியது. உடல் சிறுத்தமையால், குறுகிய மலைச்சாலையில் பெரிய காருக்கு ஒரு வழியே இருந்த இடத்தில் மினிக்கு இரண்டு வழிகள் கிடைத்தன. ஜான் கூப்பர் என்ற பந்தயக் கார் வல்லுநர் இதைக் கண்டுகொண்டார். 1961இல் ஆற்றல் கூட்டிய மினி கூப்பர் வெளிவந்தது. 1962இல் பாட் மாஸ், ஆன் விஸ்டம் என்னும் இரு பெண்மணிகள் ஹாலந்து நாட்டின் டியூலிப் ராலியில் அதை ஓட்டி முதற் பரிசு பெற்றனர். பெரும் சர்வதேச ராலி ஒன்றில் மினி முதலிடம் பெற்றது அதுவே முதல் முறை. வழிகாட்டிய பெருமை மகளிர்க்கு உரியது.

1964 சனவரியில் நான் கல்லூரி மாணவன். நம் சாலைகளில் அப்போது அம்பாசிடரும், பியட்டும், சென்னையிலேயே உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் ஓடின. மினி இங்கே உற்பத்தியாகவில்லை. ஆயினும், அன்றைய சோவியத் நாட்டு மின்ஸ்க் நகரிலிருந்து புறப்பட்டு வந்த பாடி ஹாப்கர்க்கும் அவர் துணைவர் ஹென்றி லிடனும் 1,071 கன சென்டிமீட்டர் மினியில் மான்டே கார்லோ ராலியை வென்றனர் என்ற செய்தி எங்கள் விடுதியையும் எட்டியது. உடனே ஒரு விவாதம் எழுந்தது. அக்காலத்து விதிப்படி எஞ்சின் அளவுக்கேற்ப நேரக் கணக்கில் சலுகை உண்டு. இரண்டாவதாக வந்த பெரிய அமெரிக்க போர்டு பால்கன், கடிகாரக் கணக்கில் மினியைக் காட்டிலும் விரைவாக ஓடியிருந்தது. "சலுகையால் வந்த வெற்றி வெற்றியாகுமா?" என்றார் நண்பர் ஒருவர். "எறும்பு தன் எடையைப்போல் பல மடங்கு சுமப்பதைப் போற்றும் நாம், யானையின் சுமையோடு அதை ஒப்பிட்டு இகழலாமா?" என்றேன் நான். விவாதம் முடிவின்றி நின்றது.

மறு ஆண்டின் பனியே அதற்கு விடை கூறியது. 1965இல் கடும் பனிப்புயல் வீசிற்று. புறப்பட்டவை 237 கார்கள். இறுதிவரை வந்தவை 35 மட்டுமே. பின்லாந்து நாட்டுத் திமோ மாக்கினன் ஓட்டிய மினி ஒன்றே, வழியில் எங்கும் தாமதக் குற்றப்புள்ளி பெறாமல் வந்து வென்றது. 1966இல் முதல் மூன்று இடங்களையும் மினிகளே பிடித்தன. ஆனால் முகப்பு விளக்கின் குமிழ்கள் விதிக்கு ஒவ்வாதவை என்று கூறி, அவற்றையும் வேறு சில கார்களையும் நீக்கிவிட்டுச் சிட்ரோயன் கார் ஒன்றுக்கு வெற்றியை அளித்தனர். அத்தீர்ப்பைப் பற்றிய வாதம் இன்றும் ஓயவில்லை. 1967இல் ரவுனோ ஆல்ட்டோனன் மீண்டும் மினியில் வந்து 13 நொடி வேறுபாட்டில் வென்றார். அதுவே அக்களத்தில் மினியின் கடைசி முதற் பரிசு. 1968இல் போர்ஷ் வென்றது, காலம் மாறியது. 2000ஆம் ஆண்டில் பழைய மினியின் உற்பத்தியும் நின்றது. வென்ற அம்மூன்று கார்களும் இங்கிலாந்தில் பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன.

கதை அங்கேயே முடிந்திருக்கலாம். முடியாமற் காப்பவை பழங்கார் ராலிகளே. இவ்வகை ஓட்டங்களில் மூத்தது லண்டனிலிருந்து பிரைட்டனுக்குச் செல்லும் ஓட்டம். 1896இல் நடந்த பயணத்தின் நினைவாக 1927இல் தொடங்கப்பெற்றது. அதில் முந்தி வந்தவர்க்குப் பரிசு இல்லை. வந்து சேர்வதே பரிசு. மான்டே கார்லோவிலும் 1998 முதல் பழங்கார்களுக்கென்றே ஒரு ராலி நடத்தப்படுகிறது. பழைய ராலிகளில் கலந்துகொண்ட மாதிரிகளைச் சேர்ந்த வண்டிகளே அதில் இடம் பெறும். சாப், மினி, ரெனோ முதலிய சிறியவை அங்கே மீண்டும் மலையேறுகின்றன.

இங்கே வெல்வது வேகம் அன்று, ஒழுங்கு. இன்ன சராசரி வேகத்தில் செல்க என்று குறித்துக் கொடுப்பார்கள். மணிக்கு 45 கிலோமீட்டர் என்று கொள்வோம். அப்படியானால் நிமிடத்துக்கு 750 மீட்டர். நொடிக்குப் பன்னிரண்டரை மீட்டர். மேட்டிலும் பள்ளத்திலும், கொண்டையூசி வளைவிலும், உறைபனியிலும் இக்கணக்கு பிசகக்கூடாது. சோதனை நிலையம் எங்கே மறைந்திருக்கிறது என்பது தெரியாது. பிந்தினாலும் குற்றம், முந்தினாலும் குற்றம். துணைவரிடம் ஹால்டா என்ற ஸ்வீடன் நாட்டுத் தொலைவளவி இருக்கும். சக்கரம் சுழல்வதைக் கொண்டே அது தொலைவை அறியும். டயர் சிறிது தேய்ந்தாலும், ஆணி பதித்த பனி டயரை மாற்றினாலும், அதன் கணக்கு மாறும். நூற்றுக்கு ஒரு பங்கு பிழை என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 கிலோமீட்டரில் அது 300 மீட்டர். அதாவது 24 நொடி. ஆதலால் புறப்படுமுன், அளந்து குறித்த ஒரு சாலையில் வண்டியை ஓட்டிக் கருவியைச் சரிபார்த்துக்கொள்வார்கள். வகுப்பறையில் நீங்கள் படிக்கும் விகிதக் கணக்கு, பனி மலையில் நள்ளிரவில் உயிர்பெற்று நிற்கும் காட்சி அது.

பெட்ரோலை எரித்துப் பழைய இரும்பை மலையேற்றுவதால் என்ன பயன், அருங்காட்சியகத்தில் வைத்துப் பார்த்தால் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அருங்காட்சியகம் வேண்டும், மூல வண்டியைச் சிதையாமற் காப்பது அதுவே. ஆனால் அங்கே நிற்கும் கார் வடிவத்தைக் காட்டும், குணத்தைக் காட்டாது. மினியின் மின்பங்கீட்டுப் பெட்டி, வண்டியின் முன்கம்பித் தட்டியை ஒட்டி அமைந்திருக்கிறது. மழைநீர் உள்ளே தெறித்தால் எஞ்சின் திக்கித் திணறும். அதற்கு மறைப்புக் கட்டும் வழியை, மழையில் ஓட்டியவன்தான் அறிவான். இருவீச்சு எஞ்சினுக்குப் பெட்ரோலோடு கலந்து வரும் எண்ணெயே உயவு. சரிவில் முடுக்கியை விட்டால் எண்ணெயும் குறையும் என்பதற்காகவே, சக்கரம் எஞ்சினை இழுக்காமல் தானே உருளும் அமைப்பைச் சாப் வைத்தது. இத்தகைய அறிவு பாதி ஏட்டில் இருக்கிறது. பாதி, கையிலும் காதிலும் இருக்கிறது. கையிலுள்ள அறிவு, கை ஓய்ந்தால் மறையும். 1994இல், தம் அறுபதாம் வயதில், ஹாப்கர்க் மீண்டும் ஒரு மினியில் மான்டே கார்லோ ராலிக்குப் புறப்பட்டார். பழைய நினைவை ஓடும் வண்டியில் புதுப்பித்துக் காட்டிய செயல் அது. அவர் 2022இல் மறைந்தார்.

மாணவ நண்பர்களே, எஞ்சின் சிறிது, இடம் சிறிது, பணம் சிறிது என்ற குறைகளை அந்தப் பொறியியலார் மறைக்க முயலவில்லை. குறையை அளந்தறிந்தனர், அதன் எல்லைக்குள்ளேயே புதிய அமைப்பைக் கண்டனர். அவ்வமைப்பே பின்னர்ப் பொதுவழியாயிற்று. இன்று நம் தெருவில் ஓடும் சிறிய பெட்ரோல் கார் எதன் முன்மூடியையேனும் திறந்து பாருங்கள். பெரும்பாலும் எஞ்சின் குறுக்காகவே கிடக்கும். முன்சக்கரங்களே இழுத்துச் செல்லும். அதைக் காணும்போது, பெட்ரோல் கிடைக்காத ஒரு குளிர்காலத்தையும், பத்தடிக்குள் ஓர் உலகத்தை அடக்க முயன்ற ஒரு வரைபலகையையும் எண்ணிக்கொள்ளுங்கள்.