கம்பளிப் பின்னலில் இரு கணக்குகள்



கம்பளிச் சட்டையின் கையை மணிக்கட்டிலிருந்து மேல்நோக்கிப் பின்னுங்கால், அகலத்தின் கணக்கு, பூப்பின்னலின் கணக்கு ஆகிய இரண்டையும் ஒருங்கே நடத்தவேண்டும். ஒன்று பிசகினும் பின்னியதைப் பிரிக்க நேரும், உழைப்பு வீணாகும்.

ஓர் உதாரணம். ஓரக் கண்ணி இரண்டு நீங்கலாக, மணிக்கட்டில் 48 கண்ணிகள். பூ ஒன்றுக்கு 6 வீதம் 8 பூக்கள். மேற்கைக்கு 72 கண்ணிகள் வேண்டும். ஓரக் கண்ணிக்கு உட்புறமாக, பக்கத்திற்கு ஒன்று வீதம் கூட்டினால், 24 கண்ணிக்கு 12 தடவை. 6 வரிசைக்கு ஒரு தடவையெனில் 72 வரிசைகள். பூவோ 8 வரிசையில் முடிகிறது. ஆகவே இரு கணக்குகளும் 24 வரிசைக்கு ஒருமுறையே சந்திக்கும். அவற்றைக் காகிதத்தில் தனித்தனியே குறித்துவருதல் அவசியம்.

முதற் பூவிற்கு முன்னும் கடைசிப் பூவிற்குப் பின்னும் வேற்று நிற நூலை அடையாளமாக இடுக. கூட்டிய கண்ணிகளை அதற்கு வெளியே சாதாரணப் பின்னலாகவே வைத்து, பக்கத்திற்கு 6 சேர்ந்தபின், பூவின் முதல் வரிசை வரும்போது புதுப் பூவைத் தொடங்குக.

துளைப் பின்னலில் மேலும் ஜாக்கிரதை வேண்டும். நூலைச் சுற்றினால் ஒரு கண்ணி கூடும். இரண்டை ஒன்றாகப் பின்னினால் ஒன்று குறையும். ஓரத்தில் இரண்டுக்கும் இடமில்லையேல் இரண்டையுமே விடுக.

மற்றக் கையையும் அதே குறிப்பின்படி பின்னுக. இரு கைகளும் ஒத்திருக்கும் சட்டையே விலைபோகும்.